மூத்த மகனுக்கு ஒரு ஷில்லிங்

அயர்லாந்தில் கிழக்குக் கார்க் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். பண்ணை மூத்த மகனுக்குப் போகாமல் இளையவருக்குப் போனது. மூத்தவர் கோபித்துக்கொண்டு பாஸ்டனுக்குக் கப்பலேறினார், அதோடு தொடர்பு அறுந்தது. என் மாமியார் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது. மாமியார் அயர்லாந்துக்காரர், நான் அவர் மகளைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவன். பண்ணையைப் பெற்ற இளையவர், மாமியாருக்குக் கொள்ளுத்தாத்தா. அவருடைய அப்பா ஏன் அப்படி எழுதிவைத்தார் என்று பார்க்கலாமே என்றுதான் இந்தத் தேடலில் இறங்கினேன். உறவினர்கள் பலர் இன்றும் அதே பகுதியில் இருப்பதால் பெயர்களை எழுதவில்லை. உயில் எழுதியவர் பெரியவர். மகன்கள் மூத்தவர், இளையவர். அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

அயர்லாந்தில் பழைய உயில் தேடுகிறேன் என்று சொன்னால், விஷயம் தெரிந்தவர்கள் முதலில் பரிதாபமாகப் பார்ப்பார்கள். காரணம் 1922. உள்நாட்டுப் போர் தொடங்கிய அந்த ஜூன் மாதக் கடைசியில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டட வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. ஜூன் 30ஆம் தேதி ஒரே நாளில் பல நூற்றாண்டுக் காகிதங்கள் போயின. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் சில துண்டுகளே மிஞ்சின. அங்கே கொண்டுவந்து வைத்திருந்த அயர்லாந்து திருச்சபைப் (அன்று அரசு ஆதரித்த புராட்டஸ்டண்ட் சபை) பங்குகளின், அதாவது உள்ளூர்க் கோயில் வட்டாரங்களின், பதிவேடுகளும் உயில்களும் பெரும்பாலும் சாம்பல். 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை அரசாங்கமே முன்பே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகிவிட்டன. 1922க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் முழுசாகக் கிடைப்பவை 1901, 1911 இரண்டும்தான். இவை இணையத்தில் இலவசம்.

ஆனால் எரிந்தவற்றில் பெரும்பகுதி மூலங்கள். ஒரு காகிதத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும் என்பது அரிது. வரி வசூலிப்பவர், குமாஸ்தா, வக்கீல், நிலப்பதிவு அதிகாரி என்று ஆளுக்கொரு காரணத்துக்காக யாராவது நகலோ சுருக்கமோ எடுத்திருப்பார்கள். அதனால் ஒவ்வொரு ஆவணத்தைப் பற்றியும் நான் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இதை வேறு யார், எதற்காக எழுதி வைத்திருப்பார்கள்? 2022இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் தலைமையில் தொடங்கிய மெய்நிகர் ஆவணக் கருவூலமும் இதே கேள்வியைத்தான் பெரிய அளவில் கேட்கிறது. எரிவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1919இல், ஹெர்பர்ட் உட் என்ற காப்பக அதிகாரி உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டிருந்தார். அதை வைத்துக்கொண்டு, காணாமல் போனவற்றின் நகல்களை உலகக் காப்பகங்களில் தேடிச் சேர்க்கிறார்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருவோம். பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் கார்க்கில் உருப்படாது. ஒரே குடும்பப் பெயர் ஊரெல்லாம் இருக்கும். ஜான், டேனியல், பாட்ரிக் என்று முதல் பெயரும் நாலைந்துக்குள்தான் சுற்றும். இங்கே பிடிக்க வேண்டியது டவுன்லேண்ட். பெயரில் டவுன் இருந்தாலும் அது நகரமல்ல. சில வயல்கள், சில வீடுகள் சேர்ந்த மிகச் சிறிய நிலப்பிரிவு. நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. கில்மோர் போன்ற பெயர்கள் பல கவுண்டிகளில் வரும் என்பதால் டவுன்லேண்ட், பங்கு, கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி), அதன் உட்பிரிவான பேரனி நான்கையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மாமியாருக்கு டவுன்லேண்ட் பெயர் தெரிந்திருந்தது பெரிய அதிர்ஷ்டம். அமெரிக்காவிலிருந்து தேடுகிறவர்களில் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்களுடைய முன்னோர் அங்கே போய் "அயர்லாந்து" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் செத்துப்போயிருப்பார்கள்.

டவுன்லேண்ட் தெரிந்தால் அடுத்தது கிரிஃபித் மதிப்பீடு. ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847க்கும் 1864க்கும் இடையே, உள்ளூர் வரி போடுவதற்காக, நாட்டின் ஒவ்வொரு நிலத்தையும் அளந்து மதிப்பிட்டு அச்சிட்டார்கள். குத்தகைக்காரர் பெயர், யாரிடம் குத்தகை, பரப்பு, மதிப்பு, வரைபட எண் எல்லாம் இருக்கும். எங்கள் டவுன்லேண்டில் ஒரே பெயரும் குடும்பப் பெயரும் கொண்ட இருவர் இருந்தார்கள். மதிப்பீட்டு ஆட்களே இதற்கு வழி செய்திருக்கிறார்கள்: ஒருவர் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் அவருடைய அப்பா பெயரைப் போட்டிருக்கிறார்கள். நம்ம இன்ஷியல் மாதிரி, இடம் மட்டும் மாறி. அந்த அப்பா பெயர் பின்னால் மிகவும் உதவியது.

அச்சிட்டதோடு மதிப்பீடு நிற்கவில்லை. நிலம் கைமாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்துப் புதுப்பெயர் எழுதி, பக்கத்தில் ஆண்டைக் குறித்தார்கள். வெவ்வேறு சமயத் திருத்தங்கள் வெவ்வேறு நிற மையில் இருக்கும். ரத்துப் புத்தகங்கள் என்று பெயர். எங்கள் நிலத்தில் பெரியவர் பெயர் அடிக்கப்பட்டு இளையவர் பெயர் ஏறியது 1879இல். அதிகாரி வந்து பார்க்கும்போதுதான் திருத்துவார் என்பதால், சாவு அதற்கு ஓரிரு ஆண்டு முன்பாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். 1864 ஜனவரி முதல் அயர்லாந்தில் பிறப்பு, இறப்பு, எல்லா மதத்தாரின் திருமணமும் சிவில் பதிவில் வந்துவிடுகின்றன. பக்கங்களின் படங்களையே இலவசமாகப் பார்க்கலாம். பெரியவர் 1877 இலையுதிர் காலத்தில் இறந்திருக்கிறார். வயது 80 என்று போட்டிருந்தது. முழு எண்ணில் முடியும் வயது எதையும் நம்ப வேண்டாம். தகவல் கொடுத்தவர் குத்துமதிப்பாகச் சொன்னது. மற்ற சான்றுகளை வைத்துப் பார்த்தால் எழுபதுக்குக் கொஞ்சம் குறைவு.

வயது விஷயத்தில் 1901, 1911 கணக்கெடுப்புகளை ஒப்பிடுவது நல்ல பொழுதுபோக்கு. பத்து ஆண்டு இடைவெளியில் இளையவருக்குப் பதினான்கு வயது கூடியிருக்கிறது. 1909 ஜனவரியில் எழுபது வயது தாண்டியவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. நாடு முழுக்கக் கிழவர்கள் திடீரென்று வேகமாக மூப்படைந்தார்கள். வயதை நிரூபிக்க அப்போது இன்னும் எரியாமல் இருந்த 1841, 1851 தாள்களில் தேடச் சொல்லி விண்ணப்பித்தார்கள். அந்தத் தேடல் படிவங்கள் தப்பிவிட்டன. ஆக, எரிந்துபோன கணக்கெடுப்பின் சில குடும்பங்களை ஓய்வூதிய குமாஸ்தா நமக்காகப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். எங்கள் குடும்பம் அதில் இல்லை.

இப்போது உயில். 1858இல் உயில்களைச் சான்றுறுதி செய்யும், அதாவது உயில் செல்லும் என்று ஏற்கும், அதிகாரம் திருச்சபை நீதிமன்றங்களிடமிருந்து அரசு நீதிமன்றத்துக்கு மாறியது. டப்ளினில் ஒரு தலைமைப் பதிவகம், கார்க் உட்பட 11 மாவட்டப் பதிவகங்கள். ஆண்டுதோறும் சான்றுறுதியான உயில்களின் பட்டியலை அச்சிட்டார்கள். காலண்டர் என்பார்கள். ஒவ்வொரு பதிவும் ஒரு சின்னப் பத்தி: இறந்தவர் பெயர், ஊர், தொழில், இறந்த நாள், யார் சத்தியம் செய்து பெற்றது, அவர் என்ன உறவு, சொத்து எவ்வளவுக்குள். தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இதெல்லாம் இருக்கிறது. இறந்த ஆண்டோடு நிறுத்திவிடாமல் அடுத்த ஆண்டுகளையும் பார்க்க வேண்டும். சிலர் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துப் போய் வாங்கியிருக்கிறார்கள். குறிப்பாக 1903 விண்டம் நிலச் சட்டத்துக்குப் பிறகு குத்தகைக்காரர்கள் நிலத்தைச் சொந்தமாக வாங்கத் தொடங்கியபோது, உரிமையைக் காட்டக் காகிதம் தேவைப்பட்டது. எங்கள் பெரியவருடையது 1878 காலண்டரில் கிடைத்தது. கார்க்கில் சான்றுறுதி; மகனும் இன்னொரு விவசாயியும் நிறைவேற்றுநர்கள்.

கார்க் என்ற அந்தச் சொல்லைப் பார்த்ததும்தான் நிம்மதி வந்தது. மாவட்டப் பதிவகங்களில் ஒவ்வொரு உயிலையும் ஒரு பெரிய புத்தகத்தில் நகலெடுத்து வைத்துக்கொண்டார்கள். மூல உயில் டப்ளினுக்குப் போய் 1922இல் எரிந்தது. நகல் புத்தகம் மாவட்டத்திலேயே தங்கித் தப்பியது. டப்ளின் தலைமைப் பதிவகத்தில் சான்றுறுதியானவற்றுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை, ஒருசில ஆண்டுகளின் புத்தகங்களே மிச்சம். டப்ளினில் பெரிய வக்கீல் வைத்துக்கொண்ட பணக்காரரின் உயில் போய்விட்டது, உள்ளூர்ப் பதிவகத்துக்கு நடந்துபோன விவசாயியின் உயில் இருக்கிறது.

உயில் ஒன்றரைப் பக்கம். குமாஸ்தாவின் கையெழுத்து அழகு, ஆனால் நிறுத்தக்குறி ஒன்றுகூடக் கிடையாது. ஒரே மூச்சில் ஓடும். படிக்கும்போது வாக்கியங்களை நானே வெட்டி, ஒவ்வொரு ஆளுக்கும் தனி வரி போட்டு எழுதிக்கொண்டேன். பெரியவருக்கு எழுதத் தெரியாது. பெருக்கல் குறி போட்டு, "அவருடைய அடையாளம்" என்று பக்கத்தில் வேறொருவர் எழுதியிருக்கிறார்.

பண்ணை, கால்நடை, உழவு சாமான்கள் எல்லாம் இளையவருக்கு. கல்யாணமாகாத மகளுக்கு 100 பவுன் (தங்கமல்ல, பவுண்டுப் பணம்), அவள் மணமாகும்போது. பங்குச் சாமியாருக்கு 5 பவுன், தன் ஆன்மாவுக்காகப் பூசை வைக்க. அந்தப் பூசைகள் அயர்லாந்தில், மக்கள் வந்து வழிபடும் கோயிலில், பொதுவில் நடக்க வேண்டும் என்று குறிப்பு. பக்தி மட்டுமில்லை இதில். தனியாக வைக்கும் பூசையை அன்றைய சட்டம் தர்ம காரியமாக ஏற்கவில்லை. இந்த ஒரு தொடரைச் சேர்த்தால் ஏற்றது. அந்தக் காலக் கத்தோலிக்க உயில்களில் இது திரும்பத் திரும்ப வரும். மனைவிக்கு ஒதுக்கியதுதான் உயிலில் நீளமான பகுதி: வீட்டின் மேற்கு அறை, அடுப்பில் உரிமை, ஒரு பசுவுக்கு மேய்ச்சல், உருளைக்கிழங்கு, எரிக்கப் பீட் கட்டி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வண்டியில் ஓர் இடம். அதன் பிறகு ஒரு நிபந்தனை. மகனோடும் மருமகளோடும் ஒத்துப்போகாவிட்டால், இதற்கெல்லாம் பதிலாக ஆண்டுக்கு 8 பவுன் வாங்கிக்கொண்டு அவர் தனியாகப் போகலாம். இதுவும் அரிதான ஷரத்து இல்லை. மாமியார் மருமகள் சண்டையை எதிர்பார்த்துச் சட்டபூர்வமாக ஏற்பாடு செய்துவைப்பது அங்கே வழக்கமாகவே இருந்திருக்கிறது. என் மாமியார் இந்த இடத்தைப் படித்துவிட்டு ஆண்டுக்கு 8 பவுன் போதுமா என்று என் மனைவியிடம் கேட்டார்.

கடைசியில் வருகிறார் மூத்தவர்: "அமெரிக்காவில் இருக்கும் என் மகனுக்கு, தன் பங்கை ஏற்கெனவே பெற்றுக்கொண்டதால், ஒரு ஷில்லிங்." படித்ததும் அவமானப்படுத்துவது போலத்தான் தோன்றும். ஆனால் ஒரு பிள்ளையைப் பற்றி உயிலில் பேச்சே இல்லாவிட்டால், அப்பா மறந்துவிட்டார், நினைவு தடுமாறி எழுதிவிட்டார் என்று பின்னால் வழக்குப் போட இடமுண்டு என்று மக்கள் பயந்தார்கள். ஒரு ஷில்லிங் என்பது "உன்னை நினைத்துத்தான் எழுதினேன்" என்பதற்கான ரசீது.

இங்கே குடும்பக் கதையின் வரிசை கலைகிறது. உயில் எழுதும்போதே மூத்தவர் அமெரிக்காவில் இருக்கிறார். அமெரிக்காவின் 1870 கணக்கெடுப்பில் மாசச்சூசெட்ஸில் அதே பெயரில், பொருந்தும் வயதில் ஒரு தொழிலாளி இருக்கிறார். அது மட்டும் போதுமான சான்றில்லை, ஆனால் உயிலோடு சேர்ந்தால் நிற்கும். நிலம் கிடைக்காத கோபத்தில் அவர் போகவில்லை. அவர் போய்விட்டதால்தான் நிலம் இளையவருக்கு வந்தது. பாஸ்டனில் வெளிவந்த பைலட் பத்திரிகை 1831 முதல் 1921 வரை காணாமல் போன உறவினர்களைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டுவந்தது. எந்தப் பங்கு, எந்தக் கவுண்டி என்றெல்லாம் இருப்பதால் நல்ல சுரங்கம். எங்கள் ஆளை யாரும் தேடவில்லை. எங்கே இருக்கிறார் என்று வீட்டுக்குத் தெரிந்தே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் உயில் ஏன் 1877 வசந்தத்தில் எழுதப்பட்டது? சிவில் திருமணப் பதிவைப் பார்த்தேன். இளையவருக்குக் கல்யாணம் அதே ஆண்டு பிப்ரவரி, தவக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன். அயர்லாந்துக் கிராமங்களில் கல்யாண சீசனே அதுதான். தவக்காலத்தில் மணம் முடிக்க மாட்டார்கள். பெண் வீட்டார் கொண்டுவரும் பணத்துக்குப் பெயர் ஃபார்ச்சூன், அதாவது வரதட்சணை. பெண்ணின் அப்பா சும்மா கொடுக்க மாட்டார். நிலம் மாப்பிள்ளை பேருக்கு வரும் என்று உறுதி கேட்பார். வந்த பணம் மாப்பிள்ளை கையில் தங்காது, அவருடைய தங்கைக்கு வரதட்சணையாக வெளியே போகும். உயிலில் மகளுக்கு எழுதிய 100 பவுன் எங்கிருந்து வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தங்கையின் கல்யாணம் அடுத்த ஆண்டு அதே பருவத்தில். ஒரே பணம் இரண்டு கல்யாணம் நடத்தியிருக்கிறது என்று என் ஊகம். உயிலை மட்டும் படித்திருந்தால் இது புலப்பட்டிருக்காது. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது நிறைவேற்றுநர் யார் என்பதைக் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடு சொன்னது. சுமார் 1880 வரையிலான பதிவேடுகளின் மைக்ரோஃபிலிம் படங்களை தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் ஏற்றியது. மங்கல், கறை, லத்தீன். ஜேம்ஸ் யாக்கோபுஸ் ஆவார், வில்லியம் குலியெல்முஸ் ஆவார். ஆனால் ஞானஸ்நானப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். அந்த நிறைவேற்றுநரின் குடும்பப் பெயர் பெரியவரின் மனைவியுடையது. மூத்தவருக்கு ஞானத்தந்தையும் அவரே. தாய்மாமன். அந்த மேற்கு அறைக்கும் பசுவுக்கும் காவலாகத்தான் அவரைப் போட்டிருப்பார்கள்.

1858க்கு முன்னால் போனால் தரை சதுப்பாகிவிடும். அப்போது கத்தோலிக்கரானாலும் உயில் சான்றுறுதி அயர்லாந்து திருச்சபையின் மறைமாவட்ட நீதிமன்றத்தில். இன்னொரு மறைமாவட்டத்திலும் 5 பவுனுக்கு மேல் சொத்திருந்தால் அர்மா பேராயரின் பிரரோகடிவ் நீதிமன்றம். அந்தப் பெரிய இடத்து உயில்களுக்கு ஒரு புண்ணியவான் இருந்தார்: சர் வில்லியம் பெத்தம், குலமரபு அதிகாரி. 1800க்கு முந்தையவற்றிலிருந்து உறவு விவரங்களை மட்டும் குறிப்பேடுகளில் சுருக்கி எழுதிவிட்டுப் போனார். நிலவுடைமைக் குடும்பங்களைத் தேடுகிறவர்களுக்கு அது தங்கம். எங்கள் குத்தகை விவசாயிகளுக்கு அங்கே வேலையில்லை.

எங்கள் பகுதி குளோய்ன் மறைமாவட்டம். உயில்கள் எரிந்துபோயின, அகரவரிசைப் பட்டியல் இருக்கிறது: பெயர், டவுன்லேண்ட், ஆண்டு, அவ்வளவுதான். கிரிஃபித் அடைப்புக்குறிக்குள் கிடைத்த அந்த அப்பா பெயர், அதே டவுன்லேண்ட், 1836. பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். ஆனால் 1828 முதல் 1839 வரை, வாரிசுகள் மீதான வரிக்காக உயில்களின் சாரத்தை வரித்துறை தன் பேரேட்டில் எழுதி வைத்தது. அந்தப் பேரேடுகள் பிழைத்துவிட்டன. 1836 அந்தச் சிறு ஜன்னலுக்குள் விழுகிறது! மனைவி, மூன்று மகன்கள், ஒரு மகள், வாட்டர்ஃபோர்டு கவுண்டியில் இருக்கும் ஒரு தம்பி என்று அத்தனை பேரும் வரித்துறைக் குமாஸ்தாவின் சுருக்கத்தில் வந்துவிட்டார்கள்.

சரிபார்க்கத் தசமபாகப் பேரேடுகளுக்குப் போனேன். 1823 முதல் 1837 வரை, எந்த மதத்தாரானாலும் நிலம் வைத்திருந்தால் அயர்லாந்து திருச்சபைக்குக் கட்ட வேண்டிய தசமபாகத்துக்கான கணக்கு. அதில் நிலம் 22 ஏக்கர்; கிரிஃபித்தில் 36 ஏக்கர் சொச்சம். இடையில் நிலம் வாங்கவில்லை. முதலாவது அயர்லாந்து ஏக்கர், அது சாதாரண ஏக்கரைப் போல் 1.62 மடங்கு. பெருக்கினால் 35.6. அதே நிலம்.

அதற்கும் முன்னால் போக மிச்சமிருந்த வழி டப்ளின் ஹென்ரியெட்டா தெருவில் உள்ள பத்திரப் பதிவகம். 1708இல் தொடங்கியது, எரியவே இல்லை. குத்தகை, அடமானம், திருமண ஒப்பந்தம், சில உயில்கள்கூட இங்கே சுருக்கமாகப் பதிவாகி, தடித்த புத்தகங்களில் படியெடுக்கப்பட்டிருக்கின்றன. சிக்கல் அட்டவணையில்: எழுதிக் கொடுத்தவர் பெயரிலும் இடத்தின் பெயரிலும்தான் தேட முடியும், எழுதி வாங்கியவருக்கு அட்டவணை இல்லை. குத்தகைக்காரன் எப்போதும் வாங்குகிறவன். எனவே அவன் பெயரை விட்டுவிட்டு ஜமீன்தார் பெயரில் தேட வேண்டும். அது கிரிஃபித்தில் "யாரிடம் குத்தகை" என்ற பத்தியில் இருக்கிறது. தன்னார்வலர்கள் இப்போது எல்லாப் பெயர்களுக்கும் ஓர் அட்டவணை சேர்த்துவருகிறார்கள், முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

கிடைத்தது 1794ஆம் ஆண்டுக் குத்தகை ஒன்று. மூன்று உயிர்களுக்கு. ஆண்டுக் கணக்கு கிடையாது. பெயர் குறிப்பிட்ட மூவரில் கடைசி ஆள் சாகும்வரை குத்தகை செல்லும். அதனால் தன் பெயரோடு சின்னப் பிள்ளைகளின் பெயரைப் போடுவார்கள். கத்தோலிக்கர்களை ஒடுக்கிய தண்டனைச் சட்டங்கள் அவர்களை 31 ஆண்டுக் குத்தகைக்குள் அடைத்து வைத்திருந்தன; 1778க்குப் பிறகுதான் அது தளர்ந்தது. 1793இல் கத்தோலிக்கர்களுக்கு ஓட்டுரிமை வந்ததும் உயிர்க் குத்தகை வைத்திருப்பவர் வாக்காளரானார். ஜமீன்தார்களும் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள், தங்களுக்கு ஓட்டுப் போட ஆள் சேரும் என்று. எங்கள் குத்தகையின் மூன்று உயிர்கள்: குத்தகைக்காரர், ஏறத்தாழ பன்னிரண்டு வயது மகன், ஏறத்தாழ எட்டு வயது மகன். பன்னிரண்டு வயதுப் பையன்தான் 1836இல் இறந்தவர். எட்டு வயதுப் பையனின் பெயர், வரித்துறைப் பேரேட்டில் வாட்டர்ஃபோர்டில் இருப்பதாகச் சொல்லும் தம்பியின் பெயர்.

வாட்டர்ஃபோர்டு, லிஸ்மோர் மறைமாவட்டத்துக்கு உயில் பட்டியல் தனியாக இருக்கிறது. தம்பியின் டவுன்லேண்ட் பெயரை வரித்துறைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால், அதே ஒலியில் வரக்கூடிய இடப்பெயர்களை லிஸ்மோர் பக்கத்துப் பங்குகளில் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். தசமபாகப் பேரேட்டில் அந்தக் குடும்பப் பெயர் எந்தெந்த டவுன்லேண்டில் வருகிறது என்று அதோடு ஒப்பிட்டால் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும். உயில் பட்டியலை அதற்கப்புறம் எடுத்தால் போதும்.